அமெரிக்க அரசால் காயம்பட்டால் எந்தக் கதவைத் தட்டுவது?

ஒரு நண்பர் எனக்கு எழுதிய கடிதத்தின் கடைசி வரி இது: "எங்கள் தொகுதி எம்.பி.யைப் பிடித்தால் அப்பாவுக்கென்றே தனியாக ஒரு சட்டம் கொண்டுவர முடியுமாமே, உண்மையா?"

அவருடைய அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அமெரிக்காவில் மகன் வீட்டுக்கு வந்திருந்தபோது காலை நடை போனார். மத்திய அரசுத் துறை ஒன்றின் வண்டி பின்னோக்கி வந்து அவரை இடித்துத் தள்ளியது. இடுப்பு எலும்பு முறிந்தது. வலக்கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. ஊரில் பழகிய வழக்கப்படி மகன் முதலில் மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போனார். நல்ல காகிதத்தில் பதில் வந்தது. மறுபடி எழுதினார், மறுபடியும் பதில் வந்தது. இப்படியே பத்தொன்பது மாதங்கள் ஓடிவிட்டன.

அந்தப் பத்தொன்பது என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அவருக்குத் திறக்கக்கூடிய முக்கியமான கதவு இருபத்துநான்காம் மாதத்தோடு மூடிவிடும். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரைப் போலவே ஃபுளோரிடாவிலிருந்தும் ஒரு குடும்பம் கேட்டிருந்தது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் செய்தித்தாள்களில் "தனிநபர் மசோதா" என்றால், அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா. இங்கே பேசுவது அதுவல்ல. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், பெயர் குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் பொருந்தும்படி ஒரு சட்டம் இயற்ற முடியும். "இன்னாரின் நிவாரணத்துக்காக" என்றே அதன் தலைப்பு இருக்கும். பிரதிநிதிகள் அவை, செனட் என்ற இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டால் அது சட்டம். இதைத் தனியாள் நிவாரணச் சட்டம் என்று அழைக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து கேள்விகள் போதும். அந்தக் கதவு உங்களுக்குத் திறக்கக்கூடியதா? கெடு எவ்வளவு? பணம் உங்கள் உரிமையா, அல்லது பிறர் மனம் வைத்துத் தருவதா? வக்கீல் கட்டணமும் உச்சவரம்பும் போகக் கையில் என்ன மிஞ்சும்? வாங்கிக்கொள்ளும்போது எதை எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறீர்கள்?

கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. முதல் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காயம்பட்ட நாளில் அவர் யாராக இருந்தார் என்பதைப் பொறுத்துத்தான் கதவுகள் திறக்கின்றன. இதை மூன்று மனிதர்களின் கதை எந்தச் சட்டப் புத்தகத்தையும் விடத் தெளிவாகக் காட்டும். 1950-களில் அமெரிக்க அரசின் ரகசிய மருந்துப் பரிசோதனைகளுக்கு இவர்கள் மூவரும் தெரியாமலேயே ஆளானார்கள்.

| | ஃபிராங்க் ஓல்சன் | ஹெரால்ட் பிளாவர் | ஜேம்ஸ் ஸ்டான்லி |
|---|---|---|---|
| அன்று அவர் யார் | அரசின் சிவிலியன் ஊழியர், விஞ்ஞானி | மனநல மருத்துவமனை நோயாளி | ராணுவ சார்ஜென்ட் |
| நடந்தது | 1953 நவம்பரில் உளவுத்துறையான சி.ஐ.ஏ. மதுவில் எல்.எஸ்.டி. என்ற மனமயக்க மருந்தைக் கலந்து கொடுத்தது, ஒன்பது நாளில் நியூயார்க் ஹோட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார் | 1953 ஜனவரியில் ராணுவத்துக்காகச் சோதிக்கப்பட்ட ரசாயன ஊசியால் இறந்தார் | 1958-இல் பாதுகாப்பு உடைச் சோதனை என்று சொல்லி எல்.எஸ்.டி. கொடுத்தார்கள் |
| கிடைத்த வழி | தனியாள் நிவாரணச் சட்டம் | நீதிமன்றம் | நீதிமன்றத்தில் தோல்வி, பிறகு தனியாள் நிவாரணச் சட்டம் |
| ஆண்டும் தொகையும் | 1976-இல் 7,50,000 டாலர் | 1987-இல் 7,02,044 டாலர் | 1996-இல் 4,00,577 டாலர் |

1987-ஆம் ஆண்டை மட்டும் கவனியுங்கள். பிளாவர் குடும்பத்துக்கு நியூயார்க் நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி இழப்பீடு வழங்கியது அந்த ஆண்டில்தான். ஸ்டான்லியின் வழக்கை உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் தள்ளியதும் அதே ஆண்டில்தான். ஏறக்குறைய ஒரே வகைக் கொடுமை. ஒருவர் சாதாரணக் குடிமகன், மற்றவர் சீருடையில் இருந்தவர், வேறுபாடு அவ்வளவுதான். பணிக்காலத்தில் பணியோடு ஒட்டி நேர்ந்த காயத்துக்கு ராணுவத்தினர் அரசின்மீது வழக்குப் போட முடியாது என்று 1950-இல் ஃபெரெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது. ஓல்சனுக்குத் தடை வேறு. அவர் அரசு ஊழியர் என்பதால் குடும்பத்துக்கு ஊழியர் இழப்பீடு கிடைத்துவந்தது; அது கிடைக்கும் இடத்தில் சாதாரண வழக்குக்கு வழியில்லை.

## வழி 1: படிவம் 95, பிறகு நீதிமன்றம்

1945 ஜூலை 28 அன்று, பனிமூட்டத்தில் ஒரு ராணுவக் குண்டுவீச்சு விமானம் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் மோதி 14 பேர் இறந்தார்கள். அரசின்மீது வழக்குப் போட அன்று அவர்களுக்குச் சட்டமே இல்லை. மறு ஆண்டு, 1946-இல், காங்கிரஸ் தீங்கியல் கோரிக்கைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1945 ஜனவரி முதல் நடந்தவற்றுக்கும் அது பொருந்தும்படி செய்தது. அரசு ஊழியர் பணியின்போது கவனக்குறைவாக நடந்து உங்களுக்குக் காயம் நேர்ந்தால், ஒரு தனியார் முதலாளி எப்படிப் பொறுப்பாவாரோ அப்படி அரசும் பொறுப்பாகும். காயம்பட்டவர் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. சுற்றுலா விசாவில் வந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

நேராக நீதிமன்றத்துக்குப் போக முடியாது. சம்பந்தப்பட்ட துறையிடம் முதலில் எழுத்துமூலம் கோர வேண்டும். அதற்குத்தான் படிவம் 95. காயம்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அது துறையின் கையில் இருக்க வேண்டும். தபாலில் போட்ட தேதி கணக்கில் வராது. துறைக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. அதற்குள் பதில் வராவிட்டால் மறுத்துவிட்டதாகக் கொண்டு வழக்குப் போடலாம். மறுத்துக் கடிதம் வந்தால், அது அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும்.

இந்தப் படிவத்தில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் பன்னிரண்டாம் கட்டம். சொத்துச் சேதம், உடற்காயம், உயிரிழப்பு என்று மூன்று சிறு கட்டங்கள். நான்காவதில் மொத்தத் தொகை. அந்த நான்காவதை வெறுமையாக விட்டாலோ, "பிறகு தெரிவிக்கப்படும்" என்று எழுதினாலோ உரிமையே பறிபோகலாம் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. அதில் எழுதிய தொகைக்கு மேல் பின்னால் நீதிமன்றத்தில் கேட்பது பொதுவாக முடியாது. அன்று தெரிந்திருக்க வாய்ப்பில்லாத புதிய ஆதாரம் வந்தால்தான் முடியும். சங்கோஜப்பட்டு மருத்துவமனை பில்லை மட்டும் எழுதுகிறார்கள். இரண்டாவது அறுவை சிகிச்சை, வீட்டில் வைத்துப் பார்க்க ஆள், தாங்கிய வலி, இவை எல்லாவற்றுக்கும் இடம் அந்த ஒரு கட்டம்தான். கூசாமல் முழுதாக எழுதுங்கள்.

மறைந்திருக்கும் விலை என்ன? ஜூரி கிடையாது, நீதிபதி ஒருவரே தீர்மானிப்பார். தண்டனை நோக்கிலான கூடுதல் இழப்பீடும் கிடையாது. வக்கீல் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: துறையோடு சமரசமானால் 20 சதவீதம், வழக்குக்குப் பிறகு என்றால் 25 சதவீதம். இது உங்களுக்குச் சாதகம். ஆனால் சிறிய கோரிக்கையை எடுக்க வக்கீல் தயங்குவதற்கும் இதுவே காரணம். விதிவிலக்குகளின் பட்டியலும் நீளமானது. வெளிநாட்டு மண்ணில் நடந்ததற்குக் கேட்க முடியாது. எல்லாவற்றிலும் கடுமையானது, அதிகாரிகள் கொள்கை அளவில் சுயமாக எடுத்த முடிவுக்குப் பொறுப்பில்லை என்ற விலக்கு. 1947 ஏப்ரல் 16 அன்று டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிய கப்பல் வெடித்து ஏறத்தாழ 600 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் வழக்கை 1953-இல் உச்ச நீதிமன்றம் 4–3 என்று தள்ளியது இந்த விலக்கைக் காட்டித்தான்.

யாருக்கு இது சிறந்தது: அரசு வண்டி மோதியவர், அரசுக் கட்டடத்தில் வழுக்கி விழுந்தவர், அரசு மருத்துவமனையில் தவறான சிகிச்சை பெற்ற சாதாரணக் குடிமகன். என் நண்பரின் அப்பா இந்த வகைதான்.

## வழி 2: காங்கிரஸின் தனியாள் நிவாரணச் சட்டம்

நம் ஊரில் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறோமே, அதன் மிக உயர்ந்த வடிவம் இது என்று சொல்லலாம். ஆள்வோரிடம் குறை சொல்லும் உரிமையை அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தமே உறுதிசெய்கிறது. ஒரு காலத்தில் காங்கிரஸ் இத்தகைய மனுக்களில் மூழ்கியே கிடந்தது. குடியரசுத் தலைவராக இருந்து பிறகு சாதாரண உறுப்பினராக அவைக்கு வந்த ஜான் குவின்சி ஆடம்ஸ், 1832-இல் இதைப் பற்றி நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதினார். அவையின் பாதி நேரம் இதிலேயே போகிறது, இரண்டு வழக்குகளுக்குப் பொதுவான ஒரு நீதி அளவுகோல்கூட இல்லை, நீதி வழங்குவதற்குச் சட்டமன்றத்தைவிட மோசமான மன்றம் வேறில்லை என்பது அவர் கருத்து. 1905 முதல் 1907 வரை இருந்த காங்கிரஸ் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தனியாள் சட்டங்களை இயற்றியது. அவற்றில் பெரும்பாலானவை ஓய்வூதியம் பற்றியவை. நூறு ஆண்டு கழித்து, 2013–15 காங்கிரஸில் ஒன்றுகூட நிறைவேறவில்லை. அண்மையில் நிறைவேறிய சிலவும் பெரும்பாலும் குடியேற்றம் தொடர்பானவையே, காயத்துக்கான பணம் பற்றியவை அல்ல.

காரணம் 1946-இல் இருக்கிறது. நீதிமன்றக் கதவைத் திறந்துவிட்ட அதே கையோடு காங்கிரஸ் தன் கதவைச் சாத்தியது. தீங்கியல் சட்டத்தின் கீழ் வழக்குப் போடக்கூடிய காயங்களுக்குத் தனியாள் மசோதா கொண்டுவரக் கூடாது என்பது பிரதிநிதிகள் அவையின் விதி. என் நண்பர் பத்தொன்பது மாதமாகத் தட்டிக்கொண்டிருந்தது அவருக்குத் திறக்கவே முடியாத கதவு. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகவே இருந்தது.

சரி, தகுதி உள்ளவருக்கு எப்படி நடக்கும்? உறுப்பினர் மசோதாவைத் தாக்கல் செய்கிறார். அது நீதித்துறைக் குழுவுக்குப் போகிறது. வேறு வழி எல்லாவற்றையும் முயன்று பார்த்தீர்களா என்பதே அங்கே முதல் கேள்வி. சம்பந்தப்பட்ட துறையிடமும் கருத்துக் கேட்பார்கள். குழுவைத் தாண்டினால் தனியாள் மசோதாக்களுக்கென்று உள்ள பட்டியலில் ஏறும். மாதத்தின் முதல் செவ்வாயன்று அந்தப் பட்டியலை வாசிக்கும்போது இரண்டு உறுப்பினர்கள் மறுப்புச் சொன்னால் மசோதா மீண்டும் குழுவுக்கே திரும்பும். பிறகு செனட், பிறகு குடியரசுத் தலைவர். இவையெல்லாம் இரண்டு ஆண்டு கொண்ட ஒரே காங்கிரஸின் ஆயுளுக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் மசோதா செத்துவிடும், அடுத்த காங்கிரஸில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை இதில் ஒரு நன்மை உண்டு. இத்தகைய சட்டங்களில் வக்கீலுக்கோ தரகருக்கோ 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரி வழக்கமாகச் சேர்ப்பார்கள். ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பது முழுக்க அவர்கள் மனம். "சகல கோரிக்கைகளுக்கும் முழுத் தீர்வாக" என்ற வாசகமும் கூடவே வரும். அந்த வாசகத்தின் கனத்தை ஓல்சன் குடும்பம் பிற்பாடு உணர்ந்தது. 1975-இல் உண்மையின் ஒரு பகுதி வெளிவந்ததும் குடியரசுத் தலைவர் ஃபோர்டு அவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து நேரில் மன்னிப்புக் கேட்டார். மறு ஆண்டு பணம் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பின், தந்தை தானாக விழவில்லை, தள்ளப்பட்டார் என்ற சந்தேகம் வலுத்து மகன்கள் 2012-இல் வழக்குப் போட்டார்கள். காலம் கடந்துவிட்டது, 1976-இலேயே சமரசமாகிவிட்டது என்று 2013-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பணம் வாங்கிய நாளில் அவர்களுக்குத் தெரிந்திருந்தது பாதிக் கதை. அவர்கள் எழுதிக்கொடுத்ததோ முழுக் கதைக்கும்.

எனினும் இந்தக் கதவை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஸ்டான்லிக்கு இது இல்லாவிட்டால் எதுவுமே இல்லை. தனக்கு எல்.எஸ்.டி. கொடுத்தார்கள் என்பதே 1975-இல் ராணுவம் அனுப்பிய ஒரு கடிதத்தால்தான் அவருக்குத் தெரிந்தது. பின்விளைவு ஆய்வுக்கு வரும்படி கேட்ட கடிதம் அது. அதற்குள் வேலையும் போயிருந்தது, குடும்பமும் பிரிந்திருந்தது. நாட்டின் உச்ச நீதிமன்றம் கைவிரித்த பிறகு, 1994-இல் காங்கிரஸ் அவருக்காக ஒரு சட்டம் இயற்றி நடுவர்களிடம் விட்டது. இழைக்கப்பட்ட அநீதி அரசின் சொந்தக் காகிதங்களிலேயே பதிவாகி, சட்டம் மட்டும் குறுக்கே நிற்கும்போது, அந்தச் சட்டத்தைத் தாண்டும் அதிகாரம் அதை இயற்றியவர்களிடமே இருக்கிறது. இதற்காகவாவது இந்தக் கதவு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

யாருக்கு இது சிறந்தது: மற்ற வழிகளெல்லாம் சட்டப்படி அடைபட்டவர், அது அடைபட்டதற்கான தீர்ப்பையோ மறுப்புக் கடிதத்தையோ கையில் வைத்திருப்பவர், பல ஆண்டுகள் காத்திருக்க முடிந்தவர்.

## வழி 3: காங்கிரஸ் கேட்டு, நீதிமன்றம் சொல்வது

இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை. பிரதிநிதிகள் அவையோ செனட்டோ ஒரு தீர்மானம் போட்டு, ஒருவருக்கான மசோதாவை அரசுக் கோரிக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே ஒரு விசாரணை அதிகாரி சாட்சி கேட்பார். மூன்று பேர் கொண்ட குழு அதைச் சரிபார்க்கும். இது சட்டப்படி அல்லது நியாயப்படி வர வேண்டிய பணமா, வெறும் கருணைத் தொகையா என்று அறிக்கை தருவார்கள். அந்த அறிக்கை காங்கிரஸைக் கட்டுப்படுத்தாது. சாதகமாக வந்தாலும் மறுபடியும் சட்டம் நிறைவேற வேண்டும். ஒரு வழக்கின் செலவும் ஒரு மசோதாவின் நிச்சயமின்மையும் சேர்ந்தே வரும். உண்மைகள் சிக்கலாக இருந்து, உறுப்பினர்கள் நம்பத் தயங்கும் பெரிய கோரிக்கைகளுக்கு மட்டுமே இதை யோசிக்கலாம்.

## வழி 4: பாதிக்கப்பட்ட எல்லோருக்குமாக ஒரு சட்டம்

உங்களைப் போல் பலர் இருந்தால் பெயர் சொல்லும் சட்டத்தைவிட இதுவே நல்லது. டெக்சஸ் சிட்டி மக்களுக்கு நீதிமன்றம் மறுத்ததை 1955-இல் காங்கிரஸ் ஒரு சிறப்புச் சட்டத்தால் கொடுத்தது: 1,394 பேருக்கு ஏறத்தாழ 1.7 கோடி டாலர். நெவாடா அணுகுண்டுச் சோதனைகளின் தூசியால் புற்றுநோய் வந்தவர்களில் பத்துப் பேர் 1984-இல் கீழ் நீதிமன்றத்தில் வென்று, 1987-இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். 1990-இல் வந்த கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டம் யாருடைய கவனக்குறைவையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. வசித்த இடமும் காலமும் நோயும் பொருந்தினால் போதும். அது 2024 ஜூனில் காலாவதியாகி 2025 ஜூலையில் மீண்டும் உயிர்பெற்றது. ஆகவே எதையும் தொடங்கும் முன், உங்கள் வகைக் காயத்துக்கு ஏற்கெனவே திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பூசிப் பாதிப்புக்குத் தனித் திட்டம் இருக்கிறது. ராணுவ மருத்துவமனையின் தவறான சிகிச்சைக்குப் படைவீரர்கள் பாதுகாப்புத் துறையிடமே கோர, 2020 நிதியாண்டின் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது.

## ஃபுளோரிடா: மாநில அரசு என்றால் கணக்கு வேறு

மேலே சொன்னதெல்லாம் மத்திய அரசுக்கு. பள்ளி பஸ், ஷெரீப் எனப்படும் மாவட்டக் காவல் தலைவரின் வண்டி, நகராட்சி மருத்துவமனை என்றால் மாநிலச் சட்டம்தான் பேசும். ஃபுளோரிடாவில் 2011-இல் உயர்த்திய வரம்புப்படி, ஒருவருக்கு 2,00,000 டாலர், ஒரு விபத்துக்கு 3,00,000 டாலர் வரைதான் அரசு தானாகக் கொடுக்கும். உங்கள் விபத்து நடந்த தேதியில் எந்த வரம்பு அமலில் இருந்தது என்று சரிபாருங்கள். ஜூரி எவ்வளவு சொன்னாலும் மீதிக்கு மாநிலச் சட்டமன்றம் தனியாக ஒரு கோரிக்கைச் சட்டம் நிறைவேற்றினால்தான் உண்டு. அதாவது இங்கே நீதிமன்றமும் சட்டமன்றமும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல, ஒன்றன்பின் ஒன்று.

அதன் விலையைப் பாருங்கள். 1998-இல் ஷெரீப் அலுவலக வண்டி மோதி ஓர் இளைஞர் மூளையில் காயமடைந்தார். 2005-இல் ஜூரி 3 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் 2012-இல்தான் 1.075 கோடி டாலரை அனுமதித்தது. தீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு, விபத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து. ஆண்டுக்கு அறுபது நாள் மட்டுமே கூடும் சட்டமன்றத்தில் ஓர் ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டுதான்.

அதே சட்டமன்றம்தான் 1994-இல் ரோஸ்வுட் மக்களுக்கு நியாயம் செய்தது. 1923 ஜனவரியில் வெள்ளையர் கும்பல் எரித்தழித்த கறுப்பின ஊர் அது. காப்பாற்ற வேண்டிய அரசு காப்பாற்றவில்லை. எந்த நீதிமன்றக் கெடுவும் எப்போதோ முடிந்துபோன விஷயம். சிறப்பு விசாரணை அலுவலர் முதியவர்களின் சாட்சியத்தைக் கேட்டு, அரசுக்குத் தார்மீகக் கடமை உண்டு என்று அறிக்கை தந்தார். மொத்தம் 21 லட்சம் டாலர் ஒதுக்கி, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 1,50,000 டாலர் கொடுத்தார்கள்.

## எந்த வரிசையில் போவது?

காயம் நேர்ந்த வாரத்திலேயே வண்டி எந்த அரசினுடையது என்று எழுதி வாங்குங்கள்: மத்தியா, மாநிலமா, நகராட்சியா, அல்லது அரசுக்காக வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனமா? ஒப்பந்த நிறுவனம் என்றால் சாதாரண வழக்குதான். மத்திய அரசு என்றால் படிவம் 95, அதுவும் முதல் ஆண்டுக்குள். மறுப்பு வந்தால் நீதிமன்றம். அங்கே தோற்று, அந்தத் தோல்வி உண்மையைப் பற்றியதாக இல்லாமல் சட்டத் தடையைப் பற்றியதாக இருந்தால் மட்டும் காங்கிரஸ். தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தை அதற்கு முன்பே அணுகுவதில் தவறில்லை; துறை பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் அவர்கள் ஒரு கடிதம் எழுதுவார்கள், அது உதவும். ஆனால் அவர்களுக்கு எழுதும் கடிதம் எதுவும் இரண்டு ஆண்டுக் கெடுவை ஒரு நாள்கூட நிறுத்திவைக்காது.

என் நண்பரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் படிவத்தை நிரப்பினோம். ஒரு வக்கீல் தொலைபேசியில் கூடவே இருந்தார். பன்னிரண்டாம் கட்டத்துக்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் ஆனது. "இவ்வளவா கேட்பது?" என்று அப்பா இரண்டு முறை கேட்டார். முப்பத்துநான்கு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய கை. மடங்காத விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகி, நேரம் எடுத்துக்கொண்டு, முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டார். துறை பெற்றுக்கொண்டதற்கான ரசீது இப்போது அவருடைய பாஸ்போர்ட்டோடு சேர்ந்து இருக்கிறது. ஆறு மாதக் கணக்கு தொடங்கியிருக்கிறது.